பீமாரிஸ்தான் முதல் ஏர்வாடி வரை: மனநலப் பணிக்கு அடிப்படையான அறிவு

மனிதனுக்கு இறைவன் அருளிய கொடைகளுள் தலையாயது அறிவு. மார்க்கக் கடமைகள் அனைத்தும் அதன் மீதே நிற்கின்றன. ஷரீஅத்தின் நோக்கங்களாக மார்க்கம், உயிர், அறிவு, சந்ததி, செல்வம் ஆகிய ஐந்தையும் பேணுதலை நம் அறிஞர்கள் வகுத்தார்கள். மது விலக்கப்பட்டதன் காரணத்தை விளக்கும்போது அறிவைப் பேணுதல் என்னும் நோக்கத்தை நாம் மறவாமல் எடுத்துரைக்கிறோம். ஆனால், நோயினால் அறிவு கலங்கியவரைப் பேணுவதும் அதே நோக்கத்தில் அடங்கும் என்பதை அந்த அளவுக்கு நாம் எடுத்துரைப்பதில்லை.

நம் ஊர்களில் ஒரு வீட்டில் ஒருவருக்கு மனம் பேதலித்தால் அக்குடும்பத்தார் முதலில் நாடி வருவது பள்ளிவாசல் இமாமைத்தான். அடுத்து ஓதிப் பார்ப்பவர், அதற்கடுத்து தர்கா. மருத்துவர் பெரும்பாலும் கடைசியில்தான் வருகிறார். ஆகவே, விரும்பினாலும் விரும்பாவிட்டாலும் ஆலிம் ஒரு மனநலப் பணியாளராகிவிடுகிறார். நோயாளியைத் தொலைவிலுள்ள காப்பகத்தில் ஒதுக்கிவிடாமல், அவருடைய வீட்டிலும் தெருவிலும் அருகிலுள்ள மருத்துவமனையிலும், குடும்பத்தாரும் ஊராரும் துணைநிற்கக் கவனிப்பதையே இன்று சமூக மனநலச் சேவை என்கிறார்கள். அப்பணியில் இறங்குவோர் முதலில் அறிந்திருக்க வேண்டியவை எவை? இவ்வினாவுக்கு இஸ்லாமிய வரலாறு தரும் விடையையும், அவ்விடையில் எதனை நாம் காத்தோம், எதனை இழந்தோம் என்பதையும் இக்கட்டுரையில் ஆராய்வோம்.

நோய் என்று அறிதல்

முதல் அறிவு, இது நோய் என்னும் அறிவு. நோய்க்கு மருத்துவம் செய்துகொள்ளுமாறு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஏவிய ஹதீஸ் அபூதாவூத் முதலிய நூல்களில் பதிவாகியுள்ளது. உடலின் நோய்க்கு மட்டும் என்று அதில் வரையறை இல்லை.

இவ்வுண்மையைத் தனி நூலாக விரித்தவர் அபூ ஸைத் அஹ்மத் இப்னு ஸஹ்ல் அல்-பல்கீ (மறைவு ஹி. 322 / கி.பி. 934). இன்றைய ஆப்கானிஸ்தானிலுள்ள பல்க் பகுதியில் பிறந்து, இராக் சென்று தத்துவ அறிஞர் அல்-கிந்தீயிடம் பயின்றவர். புவியியலாளராகவே பலராலும் அறியப்பட்ட இவர் இயற்றிய ‘மஸாலிஹுல் அப்தான் வல் அன்ஃபுஸ்’ என்னும் நூல் உடல்நலம், மனநலம் என இரு பகுதிகளை உடையது. இஸ்தான்புல்லின் அயாசோஃபியா நூலகத் தொகுப்பில் இருந்த இதன் கையெழுத்துப் படியை அறிஞர் ஃபுஆத் ஸெஸ்கின் 1984இல் ஃபிராங்ஃபர்ட்டிலிருந்து நிழற்படிப் பதிப்பாக வெளியிட்டார். சூடானிய உளவியலறிஞர் மாலிக் பத்ரீ மனநலப் பகுதியை மொழிபெயர்த்து 2013இல் வெளியிட்ட பின் உலகக் கவனம் இந்நூலின்பால் திரும்பியது.

பல்கீ கூறும் செய்திகளுள் மூன்று நமக்கு இன்றியமையாதவை. ஒன்று: உடல்நோய் ஏதுமின்றி வாழ்நாளைக் கழிப்பவர் இருக்கலாம், ஆனால் கவலை, அச்சம், சினம் ஆகியவற்றின் தாக்குதலுக்கு உட்படாத மனிதர் இல்லை. எனவே மனநோயாளி நம்மினின்றும் வேறுபட்ட ஓர் இனத்தவர் அல்லர். இரண்டு: துயரத்தை அவர் இரு வகையாகப் பிரித்தார். இழப்பு போன்ற, காரணம் தெரிந்த துயரம் ஒன்று. காரணம் ஏதும் புலப்படாமல் மனத்தை அழுத்தும் துயரம் மற்றொன்று. முன்னதற்கு அறிவுரையும் ஆறுதலும் மருந்து. பின்னது உடலிலிருந்து எழுவதாகலின் அதற்கு உடல்சார்ந்த மருத்துவமும் வேண்டும் என்றார். அவர் காலத்து மருத்துவம் அதனை இரத்தத்தின் மாசு என்று விளக்கியது. அவ்விளக்கம் இன்று காலாவதியாயிற்று. ஆயினும் எல்லாத் துயரையும் உபதேசத்தால் தீர்க்க இயலாது என்னும் தெளிவு காலாவதியாகவில்லை. மூன்று: மீண்டும் மீண்டும் எழுந்து வாட்டும் ஊசலாட்டங்களை (வஸ்வாஸ்) அவர் மனநோய்களுள் ஒன்றாக வைத்து, தனிமை அதனை வளர்க்கும், நல்லோர் கூட்டுறவு அதனைத் தணிக்கும் என்றார்.

ஃபிக்ஹு வகுத்த நிலை

இரண்டாம் அறிவு, நோயாளியின் கண்ணியமும் உரிமையும் பற்றியது. தூங்குபவர் விழிக்கும் வரை, சிறுவர் பருவமடையும் வரை, அறிவிழந்தவர் தெளிவடையும் வரை எழுதுகோல் உயர்த்தப்பட்டுள்ளது என்னும் கருத்துடைய ஹதீஸை மதரஸாவின் தொடக்க வகுப்பு மாணவரும் அறிவர். மனநோய் ஒரு குற்றமன்று, ஈமானின் குறைவுக்குச் சான்றுமன்று என்பதற்கு இதைவிடத் தெளிவான ஆதாரம் வேண்டியதில்லை. விவரமறியாதோரின் செல்வத்தைப் பொறுப்பாளர் காக்க வேண்டும் என்று கூறும் அந்நிஸா அத்தியாயத்தின் 5ஆம் வசனம், அவர்களுக்கு உணவும் உடையும் அளிக்குமாறும், அவர்களிடம் நல்ல முறையில் பேசுமாறும் சேர்த்தே கட்டளையிடுகிறது. சோறும் துணியும் கொடுத்தால் கடமை தீர்ந்தது என்று எண்ணுவோர் வசனத்தின் இறுதிப் பகுதியைக் கவனிக்கட்டும்.

ஃபிக்ஹு நூல்களில் ‘ஹஜ்ர்’ என்னும் பாடத்தை நாம் ஆண்டுதோறும் நடத்துகிறோம். அறிவிழந்தவரின் கொடுக்கல் வாங்கல்களைத் தடுத்துவைப்பது தண்டனையன்று, அவருடைய சொத்துக்கான பாதுகாப்பு. பொறுப்பாளர் (வலீ) உரிமையாளர் அல்லர், அமானிதம் காப்பவர். மேலும் நம் இமாம்கள் நீடித்த மதிமயக்கத்தையும் விட்டுவிட்டு வரும் மதிமயக்கத்தையும் வேறுபடுத்தினார்கள். விட்டுவிட்டு வருபவர் தெளிந்திருக்கும் வேளையில் முழு மனிதராகவே கருதப்படுவார். அவருடைய சொல் செல்லும். ஷாஃபிஈ மத்ஹபின்படி, அவர் தெளிவடைந்தவுடன் ஹஜ்ர் தானாகவே நீங்கிவிடும். காஜியின் தீர்ப்புகூட வேண்டியதில்லை. ஒரு முறை பைத்தியம் என்று பெயர் சூட்டியவரை ஆயுள் முழுதும் அப்பெயராலேயே அழைக்கும் நம் ஊர் வழக்கத்துக்கு இதில் இடமே இல்லை.

ஸஹீஹ் முஸ்லிமில் அனஸ் (ரலி) அவர்கள் அறிவிக்கும் ஒரு நிகழ்ச்சி இங்கு நினைக்கத்தக்கது. அறிவில் சிறிது கோளாறு கொண்டிருந்த ஒரு பெண் நபிகளாரிடம் வந்து தமக்கு ஒரு தேவை உண்டு என்றார். நபிகளார் அவரை மரியாதையாக விளித்து, எந்தத் தெருவில் நின்று பேச விரும்புகிறாரோ அதனை அவரே தேர்ந்துகொள்ளலாம் என்றார்கள். அவ்வாறே தெருவோரத்தில் நின்று, அவர் தம் தேவையைச் சொல்லி முடிக்கும் வரை செவிசாய்த்தார்கள். இடத்தைத் தேர்ந்தெடுக்கும் உரிமையை அவரிடமே விட்டதும், ஒதுக்குப்புறத்துக்கு அனுப்பாமல் ஊராரின் பார்வையிலேயே நின்றதும், முழுமையாகக் கேட்டதும் ஆகிய மூன்றிலும் இன்றைய சமூக மனநலப் பயிற்சியின் சாரம் அடங்கியுள்ளது.

நகர நடுவில் நின்ற மருத்துவமனைகள்

மூன்றாம் அறிவு, கவனிப்பு ஓர் ஏற்பாடாக இருக்க வேண்டும் என்பது. ‘பீமார்’ என்றால் நோயாளி. ‘ஸ்தான்’ என்றால் இடம். இப்பாரசீகச் சொல்லையே அரபுலகம் மருத்துவமனைக்கு வழங்கியது. எகிப்தில் அஹ்மத் இப்னு தூலூன் கி.பி. 873ஐ ஒட்டி நிறுவிய பீமாரிஸ்தானில் மனநோயாளிகளுக்குத் தனிப் பிரிவு இருந்தது. உள்ளே சேர்க்கப்படுவோரின் உடையும் பணமும் பாதுகாப்பாக வாங்கிவைக்கப்பட்டு, மருத்துவமனை உடை வழங்கப்பட்டது. கோழியும் ரொட்டியும் உண்ணும் நிலைக்கு வந்த பின்னரே நோயாளி குணமடைந்தவராகக் கருதப்பட்டு அனுப்பப்பட்டார்.

இப்னு தூலூன் வெள்ளிதோறும் நேரில் வந்து நோயாளிகளைப் பார்ப்பது வழக்கம். ஒரு நாள் மனநோயாளி ஒருவர் தமக்கு ஒரு பெரிய மாதுளை வேண்டும் என்று கேட்டுப் பெற்று, அதனை அவர் மார்பின் மீதே எறிந்தார். அதன்பின் அவர் அங்கு செல்லவில்லை என்று வரலாற்றாசிரியர் மக்ரீஸீ எழுதுகிறார். ஆட்சியாளரின் வருகை நின்றது, மருத்துவமனை நிற்கவில்லை. ஏனெனில் அதற்கென்று சொத்துகள் வக்ஃபு செய்யப்பட்டிருந்தன. ஒருவரின் இரக்கம் ஒரு மாதுளையில் தீர்ந்துபோகக்கூடும். ஏற்பாடு அப்படித் தீர்வதில்லை.

மொராக்கோவின் மர்ராகிஷ் நகரில் அல்-முவஹ்ஹிதீன் ஆட்சியாளர் யஅகூப் அல்-மன்ஸூர் (ஆட்சி 1184–1199) கட்டிய மருத்துவமனையில், குணமடைந்து வெளியேறும் ஏழைக்கு அவர் தம் காலில் நிற்கும் வரை வாழப் பணம் கொடுத்தனுப்பினார்கள் என்று அப்துல் வாஹித் அல்-மர்ராகுஷீ பதிவுசெய்துள்ளார். மருந்தோடு கடமை முடிவதில்லை, வாழ்வுக்குத் திரும்புவது வரை துணைநிற்க வேண்டும் என்பதை அவர்கள் உணர்ந்திருந்தார்கள். ஹிஜ்ரி 683இல் (கி.பி. 1284) கெய்ரோவில் சுல்தான் கலாவூன் எழுப்பிய மன்ஸூரீ பீமாரிஸ்தானும், 1354இல் ஹலப் நகரில் அர்கூன் அல்-காமிலீ கட்டிய பீமாரிஸ்தானும் நகரின் நடுவிலேயே நின்றன. ஹலபில் மனநோயாளிகளின் அறைகள் நீரூற்று அமைந்த முற்றத்தைச் சுற்றி அமைந்திருந்தன. உஸ்மானிய சுல்தான் இரண்டாம் பாயஸீத் 1488இல் எதிர்னேயில் நிறைவுசெய்த மருத்துவமனையில் பத்து இசைவாணர்கள் வாரம் மூன்று நாட்கள் நோயாளிகளுக்காக இசைத்ததைப் பதினேழாம் நூற்றாண்டுப் பயணி எவ்லியா செலபீ எழுதிவைத்தார். அக்கட்டடம் இன்று மருத்துவ அருங்காட்சியகமாக விளங்குகிறது.

சங்கிலியைப் பற்றிய உண்மை

முன்னோர் பெருமையைச் சொல்லி நிறைவடைவது வரலாறாகாது. அந்த மருத்துவமனைகளில் சங்கிலியும் இருந்தது. கி.பி. 1183–84இல் பயணம் செய்த அந்தலூஸ் பயணி இப்னு ஜுபைர், கெய்ரோவில் ஸலாஹுத்தீன் அமைத்த மருத்துவமனையில் மனநோயாளிகளுக்கென விசாலமான தனியிடமும், அதன் அறைகளுக்கு இரும்புக் கம்பியிட்ட சன்னல்களும் இருந்ததைக் கண்டார். அவர்களுடைய நிலையை நாள்தோறும் விசாரித்து ஏற்றதைச் செய்வதற்கு ஆட்கள் நியமிக்கப்பட்டிருந்ததையும் கண்டார். திமஷ்கில் நூருத்தீன் ஸன்கீயின் மருத்துவமனையில் மருத்துவர்கள் காலைதோறும் வருவதையும், நோயாளிகளின் பெயரும் செலவும் ஏட்டில் பதியப்படுவதையும் பாராட்டிய அவரே, அங்கு மனநோயாளிகள் சிகிச்சை பெறுகின்ற போதிலும் சங்கிலியில் பிணைக்கப்பட்டிருந்தனர் என்பதையும் மறைக்காமல் எழுதினார். அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன் பாக்தாதுக்கு வந்த யூதப் பயணி துதேலாவின் பென்யமீனும் இவ்வாறே கூறுகிறார். ஆனால் அவர் ஒன்றைச் சேர்த்துச் சொல்கிறார்: அதிகாரிகள் மாதந்தோறும் நோயாளிகளைப் பரிசோதித்து, தெளிவடைந்தவர்களை விடுவித்து வீட்டுக்கு அனுப்பினார்கள்.

அக்காலச் சங்கிலியை நாம் நியாயப்படுத்த வேண்டியதில்லை. சூழலை விளங்கிக்கொண்டால் போதும். கொந்தளிக்கும் நோயாளியை அமைதிப்படுத்த அன்று பயனுள்ள மருந்து உலகில் எங்குமே இல்லை. பாரிஸின் பிஸெத்ர் மருத்துவமனையிலேயே 1797இல்தான் சங்கிலிகள் அகற்றப்பட்டன. மனப்பிறழ்வுக்குப் பயன்தரும் முதல் மருந்தான குளோர்புரோமசீன் 1952இல்தான் மனநல மருத்துவத்துக்கு வந்தது. அந்நிலையிலும் நம் முன்னோரின் சங்கிலிக்கு அருகே நான்கு இருந்தன: நாள்தோறும் வரும் மருத்துவர், பெயர் பதியும் ஏடு, விடுதலைக்கான பரிசோதனை, செலவுக்கான வக்ஃபு. பிற்காலத்தில் வக்ஃபுகள் சிதைந்தபோது முதலில் மறைந்தவை இந்நான்கே. பத்தொன்பதாம் நூற்றாண்டில் கெய்ரோவில் வாழ்ந்த ஆங்கிலேய அறிஞர் எட்வர்ட் லேன் மன்ஸூரீ பீமாரிஸ்தானில் கண்டது, சிற்றறைகளில் சங்கிலியால் பிணைக்கப்பட்டுக் கிடந்த மனிதர்களைத்தான். சங்கிலி மட்டும் எஞ்சியது.

ஏர்வாடி, 2001

அவ்வாறு எஞ்சிய சங்கிலியை நாம் நம் மண்ணிலும் கண்டோம். இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடிக்கு மனநோயாளிகளை அழைத்துவரும் வழக்கம் நெடுங்காலமாக உள்ளது. முஸ்லிம்கள் மட்டுமன்றி எல்லாச் சமயத்தாரும் வருகிறார்கள். அங்குத் தனியார் நடத்திவந்த காப்பகம் ஒன்றின் கூரைக் கொட்டகையில் 2001 ஆகஸ்ட் 6 அதிகாலை தீப்பற்றியது. சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தவர்களால் எழுந்து ஓட இயலவில்லை. 28 பேர் மாண்டார்கள். சில நாட்களில் அங்கிருந்த காப்பகங்கள் மூடப்பட்டு, ஐந்நூறுக்கு மேற்பட்டோர் அரசின் பொறுப்பில் எடுத்துக்கொள்ளப்பட்டார்கள். உச்ச நீதிமன்றம் தானே முன்வந்து வழக்கைக் கையிலெடுத்தது.

அந்த 28 பேரும் மருந்தே இல்லாத காலத்தில் வாழ்ந்தவர்கள் அல்லர். குளோர்புரோமசீன் வந்து அரை நூற்றாண்டு ஆகியிருந்தது. மனநலக் காப்பகங்கள் உரிமம் பெற வேண்டும் என்று விதித்த 1987ஆம் ஆண்டுச் சட்டம் 1993 முதல் நடைமுறையில் இருந்தது. பன்னிரண்டாம் நூற்றாண்டு பாக்தாதில் சங்கிலியில் இருந்தவருக்கு மாதம் ஒரு முறையேனும் விடுதலைக்கான பரிசோதனை இருந்தது. இருபத்தோராம் நூற்றாண்டு ஏர்வாடியில் பூட்டு மட்டும் இருந்தது. இதற்குக் காப்பகம் நடத்தியவரை மட்டும் குற்றம் சாட்டிவிட்டு நாம் விலகிக்கொள்ள முடியாது. கொண்டுவந்து விட்டுச்சென்ற குடும்பங்களுக்கு வேறு வழி சொல்லாதிருந்த சமுதாயத்துக்கும் அதில் பங்குண்டு.

அதன்பின் நல்ல மாற்றங்கள் வந்தன. குஜராத்தின் உனாவாவிலுள்ள மீரா தாதார் தர்காவிலும், பின்னர் ஏர்வாடியிலும், ‘தவா–துஆ’ என்னும் ஏற்பாட்டின்கீழ் மனநல மருத்துவர்கள் தர்கா வளாகத்துக்கே வந்து மருந்தளிக்கும் முறை தொடங்கியது. நம்பிக்கையோடு வருபவரை நம்பிக்கையிலிருந்து பிரிக்காமல் மருத்துவத்தையும் சேர்த்தளிக்கும் இவ்வழி, பீமாரிஸ்தானின் உணர்வுக்கு நெருக்கமானது.

இன்றைய சட்டமும் சேவையும்

நான்காம் அறிவு, நாட்டின் சட்டமும் சேவையும் பற்றியது. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் 2018 மே 29 முதல் நடைமுறையில் உள்ளது. மனநோயாளி எவரையும் எவ்விதத்திலும் சங்கிலியால் பிணைப்பதை அதன் 95ஆம் பிரிவு தடைசெய்கிறது. சமூகத்தில் வாழும் உரிமையை 19ஆம் பிரிவு அளிக்கிறது. தமக்கு எத்தகைய சிகிச்சை வேண்டும் என்பதை நலமாயிருக்கும்போதே எழுதிவைக்கவும், தம் சார்பில் பேச ஒருவரை நியமிக்கவும் இச்சட்டம் வழிசெய்கிறது. மனநோய் இருப்பதாலேயே ஒருவர் முடிவெடுக்கும் திறனற்றவர் ஆகிவிடமாட்டார் என்பது இதன் அடிப்படை. தெளிந்த வேளையில் அவர் சொல் செல்லும் என்ற ஃபிக்ஹு விதியைப் பயின்ற நமக்கு இது அந்நியமானதன்று.

நாட்டின் தேசிய மனநலத் திட்டம் 1982இல் தொடங்கியது. 1996இல் மாவட்ட மனநலத் திட்டம் நான்கு மாவட்டங்களில் முதலில் நடைமுறைக்கு வந்தது. அவற்றுள் ஒன்று நம் திருச்சிராப்பள்ளி. ஆயினும் 2015–16இல் எடுக்கப்பட்ட தேசிய மனநல ஆய்வு, வயதுவந்தோரில் ஏறத்தாழ 10.6 விழுக்காட்டினருக்கு மனநலக் கோளாறு இருந்ததையும், அவர்களுள் மிகப் பெரும்பாலோர் சிகிச்சை பெறாதிருந்ததையும் காட்டியது. இந்த இடைவெளியை மருத்துவர்கள் மட்டும் நிரப்ப இயலாது. 1950களில் அமிர்தசரஸ் மனநல மருத்துவமனையில் டாக்டர் வித்யாசாகர், நோயாளியின் குடும்பத்தாரை வளாகத்திலேயே கூடாரமிட்டுத் தங்கவைத்து, பராமரிப்பில் பங்கேற்கச் செய்தார். குடும்பமே சிகிச்சையின் பாதி என்பதை இந்திய மனநல மருத்துவம் அங்கிருந்தே கற்றது.

ஆலிம்களும் ஜமாஅத்தும்

இனி, நம் கையிலுள்ள பணியைச் சொல்வோம். ஓதிப் பார்க்க வேண்டி வருபவருக்கு துஆ செய்வது சுன்னத்தே. ஆனால் அடிப்பதும், பட்டினி போடுவதும், கட்டிவைப்பதும் மார்க்கமல்ல. உறக்கம், உணவு, பேச்சு, வேலை ஆகியவற்றில் இரண்டு வாரத்துக்கு மேல் நீடிக்கும் மாற்றம், இல்லாத குரல் கேட்பது, ஆதாரமற்ற சந்தேகம் ஆகியவற்றைக் கண்டால் துஆவோடு மருத்துவரிடமும் அனுப்புவது நம் கடமை.

உளூவைத் திரும்பத் திரும்பச் செய்தும் மனம் அடங்காதவர் நம்மிடம் மஸ்அலா கேட்டு வருவார். இப்னு குதாமா (மறைவு ஹி. 620) வஸ்வாஸைக் கண்டித்துத் தனி நூலே எழுதினார். சந்தேகத்தால் உறுதி நீங்காது என்ற விதியைச் சொன்னதும் தெளிந்து செல்பவருக்கு அந்த அறிவுரை போதும். பத்து முறை சொல்லியும் பதினோராம் முறை வந்து நிற்பவருக்கு வேண்டியது மஸ்அலா அன்று, மருத்துவம். அறிவுரை முடிந்து நோய் தொடங்கும் இடத்தை, பல்கீ கண்டதுபோல், நாமும் கண்டுகொள்ள வேண்டும்.

வாழப் பிடிக்கவில்லை என்று ஒருவர் சொன்னால், உயிரை மாய்ப்பது ஹராம் என்ற பிரசங்கத்தை உடனே தொடங்கிவிடக் கூடாது. அவ்வெண்ணம் உண்டா என்று அமைதியாக நேரடியாகக் கேட்கலாம். கேட்பதால் அவ்வெண்ணம் புதிதாக உண்டாவதில்லை. அவரைத் தனியே விடாமல், நெருங்கியவரிடமும் மருத்துவரிடமும் சேர்ப்பிக்க வேண்டும். 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய டெலி-மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் இரவு பகலாக அழைக்கலாம். அவ்வாறு ஒருவர் இறந்துவிட்டாலும், நம் இரு மத்ஹபுகளின் ஏற்கப்பட்ட கருத்தின்படி ஜனாஸா தொழுகை உண்டு. துயரில் மூழ்கிய குடும்பத்தாரை ஊர் மேலும் தண்டிக்கக் கூடாது.

குணம் தெரிந்தவுடன் மருந்தை நிறுத்தச் சொல்லும் உரிமை நமக்கில்லை. ரமளானில் மருந்து வேளையை மாற்றுவதும், நோன்பு பிடிப்பதா விடுவதா என்பதும் மருத்துவரைக் கேட்டே முடிவு செய்யத்தக்கவை. குறிப்பாக லித்தியம் உட்கொள்பவருக்கு நீர் குறைவது ஆபத்தாகலாம். நோயாளிக்கு அளிக்கப்பட்ட சலுகை நோன்பு பற்றிய வசனத்திலேயே இருக்கிறது, மனநோயாளியும் நோயாளியே. நம்மிடம் சொல்லப்படும் இரகசியம் அமானிதம். அது பள்ளிவாசல் திண்ணையில் பேச்சாகக் கூடாது.

இறுதியாக, மர்ராகிஷ் மருத்துவமனை செய்ததை நம் ஜமாஅத்துகள் செய்யலாம். மாதாந்திர மருந்துச் செலவும், மருத்துவரிடம் அழைத்துச் செல்லும் வண்டிச் சத்தமும் ஏழைக் குடும்பத்துக்குப் பெருஞ்சுமை. பைத்துல்மாலிலிருந்து அதற்கென ஒரு பகுதியை ஒதுக்கலாம்; தகுதியுடையோருக்கு ஸகாத்தும் சேரும். குணமடைந்தவருக்கு ஒரு வேலையும், தொழுகை வரிசையில் ஓர் இடமும், பெயர் சொல்லி அழைக்கும் அயலாரும் கிடைக்கச் செய்யலாம். நம் முன்னோரின் சங்கிலி பழுதுபட்ட காலத்தின் எச்சம், அதனை விட்டுவிடுவோம். மருத்துவர், ஏடு, விடுதலை, வக்ஃபு ஆகிய நான்குமே அவர்கள் நமக்கு விட்டுச்சென்ற சொத்து. அதனை மீட்டெடுக்க அல்லாஹ் நமக்கு அருள்புரிவானாக.